உடல் அசைவின் கணக்கு

மனித உடலில் அசைவை உண்டாக்குவது தசை. அசைவு நிகழும் இடம் மூட்டு. அசைவாக வெளியே தெரிவது எலும்பு. இந்த மூன்றில் தசைக்கு ஒரு குறை உண்டு. அதற்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. இளையரசனேந்தல் பக்கத்துக் கரிசலில் ஐப்பசி மழைக்குச் சக்கரம் புதைந்த வண்டியை நாலு பேர் தோள் கொடுத்துத் தள்ளும்போதுகூட, அந்த நாலு பேர் உடம்பிலும் தள்ளுகிற தசை ஒன்று கிடையாது. மேற்கையின் பின்பக்கத்து முத்தலைத் தசை சுருங்கி முழங்கையை நீட்டுகிறது. தொடையின் முன்பக்கத் தசை சுருங்கி முழங்காலை நீட்டுகிறது. உள்ளே நடப்பதெல்லாம் இழுப்பு. வண்டிக்குப் போய்ச் சேரும்போது அது தள்ளலாகிவிடுகிறது.

இழுக்க மட்டுமே தெரிந்ததால் தசைகள் ஜோடி ஜோடியாக வேலை செய்கின்றன. கையை மடக்க முன்பக்கத்து இருதலைத் தசை, நீட்டப் பின்பக்கத்து முத்தலைத் தசை. ஒன்று சுருங்கும்போது மற்றது விட்டுக்கொடுக்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் இறுகினால் மூட்டு அசையாமல் கெட்டியாகிவிடும். அதுவும் சில வேளைகளில் தேவைப்படுகிறது: சிலம்பத்தில் எதிராளியின் அடியைக் கம்பில் தாங்கும் நொடியில் மணிக்கட்டு அப்படித்தான் இறுகுகிறது.

இவற்றை ஆராயும் துறைக்கு உடலியக்கவியல் என்று பெயர். உடல் எப்படி அசைந்தது என்பது அதன் முதல் கேள்வி. கோணம், தூரம், வேகம் ஆகியவை அதில் அடங்கும். எந்த விசையால் அசைந்தது என்பது இரண்டாவது கேள்வி. விலங்குகளின் அசைவைப் பற்றி அரிஸ்டாட்டிலே தனி நூல் எழுதியிருக்கிறார். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தவர் 17ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த பொரெல்லி. அவர் இறந்த பிறகு 1680, 1681ஆம் ஆண்டுகளில் அச்சேறிய அவரது நூல் ஒரு பழைய எண்ணத்தைத் தலைகீழாக்கியது. சிறு விசையால் பெரும் பாரத்தைத் தூக்குவதற்காகவே இயற்கை உடலில் நெம்புகோல்களை வைத்திருக்கிறது என்று அதுவரை எண்ணியிருந்தார்கள். தூக்கும் பாரத்தைவிடப் பல மடங்கு விசையைத் தசை செலவழிக்கிறது என்று பொரெல்லி காட்டினார். தமிழ்நாட்டில் இந்தத் துறை வகுப்பறைக்குள் வந்தது உடற்கல்வியின் வழியாக. ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி அதற்கு முன்னோடி.

அசைவைச் சொல்ல ஒரு பொது மொழி வேண்டும். அதற்காக உடற்கூற்று நூல்கள் ஒரு நிற்பை அடிப்படையாக வைத்துக்கொண்டன: நிமிர்ந்து நின்று, கைகளைப் பக்கத்தில் தொங்கவிட்டு, உள்ளங்கை முன்னால் பார்த்திருக்கும் நிலை. யாரும் இயல்பாக அப்படி நிற்பதில்லை. அளவுகோலுக்கு ஒரு பூச்சியம் தேவை, அவ்வளவுதான். இந்த நிலையிலிருந்து மூட்டின் கோணம் குறைந்தால் மடக்கல், கூடினால் நீட்டல். உடலின் நடுக்கோட்டை விட்டு விலகினால் விலக்கல், நடுக்கோட்டை நோக்கி வந்தால் நெருக்கல். தன் அச்சிலேயே திரும்பினால் சுழற்றல். நடையும் ஓட்டமும் பெரும்பாலும் முன்பின்னாக நடக்கும் மடக்கலும் நீட்டலும். கும்மியில் பக்கவாட்டுச் சாய்வு சேர்கிறது. திருகை சுற்றுகிறவரின் தோளில் மூன்றும் கலந்திருக்கும்.

எந்த மூட்டு எவ்வளவு திரும்பும் என்பது அதன் வடிவத்தைப் பொறுத்தது. முழங்கை கதவுக் கீலைப் போன்றது. ஒரே திசையில் திறந்து மூடும். இடுப்பு மூட்டு ஆட்டுரலில் குழவி உட்கார்ந்திருப்பதைப் போன்றது. குழி ஆழம், பிடிப்பு பலம், எல்லாப் பக்கமும் சுற்றலாம், எளிதில் கழலாது. தோள் மூட்டும் அதே இனம்தான், ஆனால் குழி ஆழமில்லாதது, பந்து பெரியது. அதனால்தான் கை முதுகுக்குப் பின்னாலும் போகிறது, தலைக்கு மேலும் போகிறது. அந்தச் சுதந்திரத்துக்கு விலையும் உண்டு: சடுகுடுவில் பிடிபட்டவன் கையை வெட்டி இழுக்கும்போது கழல்வது பெரும்பாலும் தோள்தான். முழங்கால் பார்வைக்குக் கீல் போலிருந்தாலும் கீல் அல்ல. மடங்கும்போது தொடையெலும்பு கால் எலும்பின் மேல் உருளவும் செய்கிறது, வழுக்கவும் செய்கிறது. அதனால் அதன் அச்சு ஓரிடத்தில் நிற்பதில்லை. சென்னை ஐ.ஐ.டி. 2022இல் வெளியிட்ட ‘கடம்’ என்னும் செயற்கை முழங்கால் ஒற்றை அச்சில் நிற்காமல் பல அச்சுகளில் மடங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி நெம்புகோல். உடலியக்கவியலில் ஒரே ஒரு கருத்தைத்தான் படிக்க முடியும் என்றால் இதைத்தான் படிக்க வேண்டும். நெம்புகோலில் முக்கியமானது விசை மட்டுமல்ல, சுழலும் புள்ளியிலிருந்து அந்த விசை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதும்தான். விசையையும் தூரத்தையும் பெருக்கினால் கிடைப்பது திருப்புவிசை. இரண்டு பக்கத் திருப்புவிசையும் சமமானால் நிற்கும். ஒரு பக்கம் கூடினால் அந்தப் பக்கம் சாயும்.

முழங்கையைச் செங்கோணத்தில் மடக்கி 5 கிலோ வாளியைப் பிடித்திருக்கும் கையை எடுத்துக்கொண்டால், வாளி முழங்கை மூட்டிலிருந்து ஏறக்குறைய 35 செ.மீ. தூரத்தில் இருக்கிறது. முன்கையும் உள்ளங்கையும் சேர்ந்து ஒன்றரைக் கிலோ. அவற்றின் எடை 15 செ.மீ. தூரத்தில் இறங்குவதாகக் கொள்ளலாம். இருதலைத் தசை எலும்பில் பற்றியிருப்பதோ மூட்டிலிருந்து 5 செ.மீ. தூரத்திலேயே. வாளிக்கு 175, கைக்கு இருபத்திரண்டரை, ஆகக் கிட்டத்தட்ட 200. இதைச் சமன்செய்ய 5 செ.மீ. தூரத்தில் இழுக்கும் தசை 40 கிலோ எடைக்குச் சமமான விசை தர வேண்டும். 5 கிலோவுக்கு 40 கிலோ!

இயற்கை ஏன் இவ்வளவு நட்டத்துக்கு வியாபாரம் செய்கிறது என்று கேட்கத் தோன்றும். கணக்கின் மறுபக்கத்தைப் பார்த்தால் விடை தெரியும். தசை 1 செ.மீ. சுருங்கினால் கை 7 செ.மீ. நகர்கிறது. வேகமும் அதே ஏழு மடங்கு. தசை நார் தன் நீளத்தில் பாதிக்கு மேல் சுருங்குவது அரிது; அது மூட்டிலிருந்து தள்ளிப் பற்றியிருந்தால் பலம் கூடும், ஆனால் கை வாய்வரை எட்டாது. விசையைக் கொடுத்துத் தூரத்தையும் வேகத்தையும் வாங்கிய உடம்பு இது. கல்லை எறியவும், ஓடவும், விழுகிற குழந்தையைச் சட்டென்று பிடிக்கவும் ஏற்றதாக அமைந்திருக்கிறது; பாரம் தூக்குவதற்கென்று அமைந்ததல்ல.

ஆனாலும் பாரம் தூக்கத்தான் வேண்டியிருக்கிறது. அதற்கு மனிதர்கள் கண்டுபிடித்த வழிகளெல்லாம் தூரத்தைக் குறைக்கும் வழிகள். தென்மாவட்டத்து ஊர்களில் கோவில் முன்னாலும் மந்தையிலும் கிடக்கும் இளவட்டக்கல் இதற்கு நல்ல பாடம். உருண்டை, வழவழப்பு, பிடிக்க ஒரு விளிம்பு கிடையாது. பழகாதவன் கையை நீட்டிக் குனிந்து தூக்கப் பார்த்து முதுகைப் பிடித்துக்கொள்வான். பழகியவன் குத்தவைத்து, கல்லைக் கட்டி அணைத்து, முதலில் தொடைமேல் உருட்டி ஏற்றிக்கொள்வான். அந்த நொடியில் கல்லின் பாரம் கையை விட்டுத் தொடை எலும்புக்கு மாறுகிறது. அவன் மூச்சு வாங்கிக்கொள்ளலாம். பிறகு நெஞ்சோடு ஒட்டி எழுகிறான். கல்லுக்கும் முதுகெலும்புக்கும் இடையிலான தூரம் எந்தக் கட்டத்திலும் கூடுவதில்லை. எழுந்து நின்றதும் தோள்மேல் ஏற்றிப் பின்னால் போடுகிறான். தோளில் இருக்கும்போது கல் ஏறக்குறைய முதுகெலும்புக்கு நேர் மேலேயே இருப்பதால் திருப்புவிசை மிகக் குறைவு. இந்தப் பாடத்தை யாரும் கரும்பலகையில் எழுதிக் கற்றுக்கொடுக்கவில்லை.

களை எடுப்பில் கணக்கு வேறு மாதிரி போகிறது. 50 கிலோ எடையுள்ள பெண்ணின் இடுப்புக்கு மேலுள்ள உடல் 30 கிலோ இருக்கும். இடுப்பை வளைத்துக் குனிந்தால் அந்த எடை முதுகெலும்பின் அடிப்பகுதியிலிருந்து 25 செ.மீ. முன்னால் இறங்குகிறது. முதுகுத் தசைக்கோ முள்ளெலும்பிலிருந்து 5 செ.மீ. தூரம்தான். வெறுங்கையோடு குனிந்து நிற்கவே 150 கிலோ அளவுக்கு இழுவிசை தேவை. 10 கிலோ கூடையை 40 செ.மீ. தள்ளிப் பிடித்துத் தூக்கினால் இன்னும் 80 கிலோ சேரும். கூடையைவிடத் தன் உடம்பே பெரிய பாரம் என்பதை வேலை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கணக்கில் எடுப்பதில்லை. முழுவதுமாகக் குனிந்துவிட்டால் இன்னொன்றும் நடக்கிறது. முதுகுத் தசைகள் மின்பதிவில் ஓசையற்றுப் போகின்றன. பாரம் முழுவதும் முள்ளெலும்புகளைக் கட்டும் நார்களின் மேல் தொங்குகிறது. 1955இல் இங்கிலாந்தில் ஃபிளாய்டும் சில்வரும் இதைப் பதிவு செய்தார்கள். குனிந்தபடியே இருக்கும்போது அவ்வளவாகத் தெரியாத வலி, நிமிரும்போது வெட்டி இழுப்பதற்கு இது ஒரு காரணம். களைக்கொத்துக்கு நீளமான பிடி போட்டால் பாதி வேலை முடிந்தது.

மூட்டுக்கும் தசைக்கும் இடையே தூரத்தைக் கூட்டிக்கொள்ளும் ஏற்பாடு உடம்பில் ஓரிடத்தில் இருக்கிறது: முழங்கால் சில்லு. தொடைத் தசையின் நாணுக்கு நடுவே பதிந்திருக்கும் இந்தச் சிறு எலும்பு, கமலைக் கிணற்றின் உருளை வடத்தைத் தூக்கிப் பிடிப்பதைப் போல நாணை மூட்டிலிருந்து முன்னால் தள்ளிப் பிடிக்கிறது. சில்லு எடுக்கப்பட்டவர்கள் காலை முழுதாக நீட்டக் கூடுதல் விசை செலவழிக்க வேண்டியிருக்கும்.

தசை சுருங்கும்போது மட்டும்தான் வேலை செய்கிறது என்பது பாதி உண்மை. கழுகுமலையில் படியேறி வெட்டுவான் கோவிலைப் பார்த்துவிட்டு வருகிறவருக்கு ஏறும்போது மூச்சு வாங்கும். தொடை வலிப்பதோ இறங்கியதால், அதுவும் மறுநாள் காலையில். ஏறும்போது தொடைத் தசை சுருங்கியபடி விசை தருகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே விசை தருகிறது. உடம்பு தொப்பென்று விழாமல் மெல்ல மெல்ல விடுகிறது, கிணற்றுக்குள் வாளிக் கயிற்றைக் கைக்குள் உரச விட்டு இறக்குவதைப் போல. நீண்டபடி வேலை செய்யும் தசை கூடுதல் விசை தாங்கும், குறைந்த ஆற்றலே செலவழிக்கும், ஆனால் அதன் நார்களில் நுண்ணிய கிழிசல் விழும். மறுநாள் வலி அதனால்தான். மூன்றாவது வகையும் உண்டு. குடத்தை இடுப்பில் வைத்து நிற்பவரின் கையில் தசை நீளவும் இல்லை, குறுகவும் இல்லை, ஆனால் களைக்கிறது. இயற்பியல் பாடத்தில் நகர்வு இல்லாவிட்டால் வேலை பூச்சியம். உடம்பு அந்தக் கணக்கை ஏற்றுக்கொள்வதில்லை.

வேகம் கூடக்கூடச் சுருங்கும் தசையின் பலம் குறையும். 1938இல் உடலியங்கியலாளர் ஏ.வி. ஹில் இதைச் சமன்பாடாகவே எழுதிக்காட்டினார். வெறும் வாளியை வேகமாக இறைக்கலாம், நிறைந்த வாளியை மெதுவாகத்தான் இறைக்க முடியும் என்று சொன்னாலும் அதே பொருள்தான்.

நிற்பதும் ஓர் அசைவுதான். அசையாமல் இருப்பதற்காகச் செய்யும் இடைவிடாத சிறு அசைவுகள். உடல் முழுவதன் எடையும் ஒரு புள்ளியில் குவிந்திருப்பதாகக் கொண்டால், நிமிர்ந்து நிற்பவரிடம் அது தொப்புளுக்குச் சற்றுக் கீழே, இடுப்புக்கூட்டுக்குள் வரும். இது ஈர்ப்பு மையம். அதிலிருந்து நேர் கீழே விழும் கோடு பாதங்கள் அடைத்த பரப்புக்குள் இருக்கும்வரை உடல் சாயாது. சடுகுடு ஆட்டக்காரன் காலை அகட்டி, இடுப்பைத் தாழ்த்தி நிற்பது பரப்பை அகலமாக்கவும் மையத்தை இறக்கவும். இடுப்பில் குடம் வைத்த பெண் எதிர்ப்பக்கம் சாய்ந்து, மற்றக் கையைச் சற்று விரித்து நடப்பது குடமும் உடம்பும் சேர்ந்த புதிய மையத்தைக் காலுக்கு மேலே கொண்டுவர.

பாண்டி ஆடும் சிறுமி ஒற்றைக் காலில் நிற்கும்போது இடுப்பு மூட்டின் மேல் அவளுடைய எடையைப் போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு அழுத்தம் விழுகிறது. மூட்டுக்கு ஒரு பக்கம் உடலின் எடை, மறுபக்கம் அதைச் சாயவிடாமல் இழுக்கும் இடுப்புப் பக்கத் தசை. தசைக்குத் தூரம் குறைவு. ஆகவே இழுப்பு அதிகம். இரண்டும் சேர்ந்து மூட்டின் மேல் இறங்குகின்றன. நடக்கிற ஒவ்வோர் எட்டிலும் இதுவே நடக்கிறது. இடது இடுப்பு வலிக்கிறவர் கம்பை வலக் கையில் பிடிக்க வேண்டியது இதனால்தான். வலியுள்ள பக்கமே கம்பைப் பிடிப்பவர்களைத் தெருவில் நிறையப் பார்க்கலாம். மூட்டிலிருந்து தள்ளி எதிர்ப்பக்கம் ஊன்றும் சிறு விசையே தசையின் பெரிய இழுப்பைக் குறைத்துவிடும்.

நடை என்பது விழுவதும் விழாமல் காத்துக்கொள்வதும் மாறி மாறி நடப்பது. ஒரு பாதம் ஊன்றியதிலிருந்து மறுபடி ஊன்றும்வரையான சுற்றில் அது ஏறத்தாழ 60 விழுக்காடு நேரம் தரையில், மீதி 40 விழுக்காடு காற்றில். இரண்டு பாதமும் தரையில் இருக்கும் சிறு இடைவேளைகள் நடையில் உண்டு, ஓட்டத்தில் இல்லை. இரண்டுக்கும் வேறுபாடு அதுதான், வேகம் அல்ல. ஊன்றிய காலின் மேல் உடல் தலைகீழ் ஊசலைப் போல ஏறி இறங்குகிறது. ஏறும்போது சேமித்ததை இறங்கும்போது முன்னேற்றமாக மாற்றிக்கொள்வதால் ஒவ்வோர் அடியையும் புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை.

தலைச்சுமைக்காரர்கள் இந்த ஊசலை இன்னும் நன்றாகப் பயன்படுத்துகிறார்களோ என்ற கேள்வியும் எழுந்தது. கென்யாவின் லுவோ, கிகுயு பெண்கள் தங்கள் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை தலையில் சுமந்து நடந்தபோதும் கூடுதல் ஆற்றல் செலவழிக்கவில்லை என்று ‘நேச்சர்’ இதழில் 1986இல் ஓர் ஆய்வு வந்தது. பின்னர் தென்னாப்பிரிக்கப் பெண்களிடம் செய்த அளவீடு அப்படிப் பொதுவாகச் சொல்ல இடம் தரவில்லை. ஆளுக்கு ஆள் வேறுபாடு பெரிதாக இருந்தது. எப்படியானாலும் சும்மாடு வெறும் துணிச்சுருள் அல்ல. பாரத்தைப் பரப்பி, குடத்தின் அடியை நிலைநிறுத்தி, சிறு சாய்வைத் தானே உள்வாங்கிக்கொள்கிறது. தலைமேல் இருக்கும் பாரம் முதுகெலும்புக்கு நேர் மேலே இருப்பதால் முதுகுத் தசைக்கு வேலை குறைவு. கழுத்து முள்ளெலும்புகள்தான் அதற்கு விலை கொடுக்கின்றன.

எந்த அசைவு தேவை என்பதை ஊரும் வாழ்க்கையும்தான் முடிவு செய்கின்றன. மேலைநாட்டில் செய்த செயற்கைப் பாதம் செருப்புப் போட்டு நாற்காலியில் உட்காருகிறவருக்குப் போதுமாக இருந்தது. வெறுங்காலோடு வயலில் இறங்கி, குத்தவைத்து, சம்மணம் போட்டு உட்காருகிறவருக்கு அது உதவவில்லை. கணுக்கால் மேல்நோக்கி மடங்காததே தடை. 1968இல் ஜெய்ப்பூரில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் மருத்துவர் பி.கே. சேத்தியும் ரப்பரில் உருவாக்கிய பாதம் அந்தத் தடையை நீக்கியது.

தசையை ஆள்வது நரம்பு. ஒரு நரம்பணுவும் அது கட்டளையிடும் தசை நார்களும் சேர்ந்தது ஓர் இயக்க அலகு. கண்ணை அசைக்கும் தசையில் ஓர் அலகுக்குப் பத்து நார் அளவில்தான் இருக்கும்; கெண்டைக்காலில் ஆயிரத்துக்கும் மேல். நுணுக்கம் வேண்டிய இடத்தில் சிறு அலகு, பலம் வேண்டிய இடத்தில் பெரிய அலகு. தீப்பெட்டி வேலையில் சட்டத்தில் குச்சி அடுக்கும் விரல்களுக்குச் சிறு அலகுகளே போதும். விசை கூடத் தேவைப்படும்போது சிறியவை முதலிலும் பெரியவை பின்னாலும் சேர்கின்றன.

ஆனால் தேர்ந்த கை ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதில்லை. 1920களில் மாஸ்கோவில் நிக்கொலாய் பெர்ன்ஷ்டைன் சுத்தியல் அடிப்பவர்களைப் படம் பிடித்துப் பார்த்தார். சுத்தியலின் நுனி ஒவ்வோர் அடியிலும் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழுந்தது. தோளும் முழங்கையும் மணிக்கட்டும் போன வழியோ அடிக்கு அடி மாறியது. ஒரு மூட்டு செய்த பிழையை இன்னொரு மூட்டு திருத்திக்கொண்டது. எத்தனையோ வழிகளில் அசையக்கூடிய உடம்பை ஒரு வேலைக்கு ஒழுங்குபடுத்துவதே திறன் என்று அவர் கொண்டார். தொடக்கத்தில் கையை விறைப்பாக வைத்துக்கொண்டு சிலம்பம் பழகும் சிறுவன் ஆறு மாதத்தில் தோளைத் தளர்த்திக்கொள்வது இந்தப் பாதையில்தான்.

உடம்பின் அசைவைப் புதிதாக ஒழுங்குபடுத்த முடியும் என்பதைத் தமிழ்நாட்டில் அறுவை மேசையிலேயே காட்டியவர் பால் பிராண்ட். 1914இல் கொல்லிமலையில் பிறந்து, லண்டனில் மருத்துவம் படித்து, 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தவர். செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில் விரல்கள் நகம்போல் வளைந்து மடங்கிய கைகளைப் பார்த்தார். அந்தக் கையைக் குலுக்கிப் பார்த்தபோது பிடி இரும்பாக இருந்தது. தசையெல்லாம் செத்துவிடவில்லை. உள்ளங்கையின் சிறு தசைகள் மட்டும் நரம்பு கெட்டுச் செயலிழந்திருந்தன. முன்கையிலிருந்து வரும் பெரிய தசைகள் நன்றாக இருந்தன. சிறு தசைகளின் வேலை விரலை அடிமூட்டில் மடக்கி நுனியை நீட்டி வைப்பது. சோற்றைப் பிசைந்து கவளம் எடுக்கும்போது விரல்கள் நிற்கும் நிலை அதுதான். அவை இல்லாதபோது அடிமூட்டு பின்னால் நிமிர்ந்து, நுனி மட்டும் சுருண்டுவிடுகிறது. அந்தக் கையால் சோற்றைப் பறண்டலாம், அள்ள முடியாது.

கட்டைவிரல் தவிர மற்ற ஒவ்வொரு விரலையும் மடக்க இரண்டு நாண்கள் உள்ளன. ஒன்றை எடுத்தாலும் மற்றது சமாளித்துக்கொள்ளும். 1948இலிருந்து பிராண்ட் ஒரு விரலின் மிகைநாணைப் பிரித்து, கீற்றுகளாக்கி, உள்ளங்கை வழியே திருப்பி, விரல்களின் பக்கவாட்டில் தைத்தார். தசை அதே தசை, நரம்பு அதே நரம்பு. நாண் மூட்டைக் கடக்கும் இடம் மாறியதால் அசைவே மாறிவிட்டது. கட்டுப் பிரித்த முதல் நாள் நோயாளி எல்லா விரலையும் அடியில் மடக்க நினைத்தால் ஒன்றும் நடக்காது. நாண் எந்த விரலிலிருந்து எடுக்கப்பட்டதோ அந்த ஒரு விரலை மடக்க நினைத்தால் நான்கு விரலும் அடிமூட்டில் மடங்கும். பிறகு வாரக்கணக்கில் பயிற்சி: ஒரு விரலை நினைத்து நான்கையும் அசைப்பது, அடுத்து நான்கையும் நினைத்தே நான்கையும் அசைப்பது. உணர்வில்லாத விரல் எவ்வளவு அழுத்துகிறது என்று தோல் சொல்லாததால், எதைப் பிடிக்கும்போதும் கண்ணால் பார்த்து அழுத்தத்தை அளந்துகொள்ளவும் அந்தப் பயிற்சியிலேயே பழக்கினார்கள்.